உங்கள் வளவில் எந்தப் பழ ஈ, எவ்வளவு சேதம்: வீட்டிலிருந்தே கணக்கெடுக்கும் முறை

கொய்யாவைப் பிளந்ததும் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் நாம் வழக்கமாகச் செய்வது, முகத்தைச் சுளித்துக்கொண்டு பழத்தை மதிலோரமாக எறிவது. தயவுசெய்து எறியாதீர்கள். உங்கள் வளவில் என்ன நடக்கிறது என்று அந்தப் பழத்தைப் போல வேறெதுவும் சரியாகச் சொல்லாது.

கொழும்புப் பக்கம் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று எங்கே போனாலும் சில வீடுகளிலாவது ஒரு மாமரமோ கொய்யாவோ ஜம்புவோ மிஞ்சியிருக்கிறது. மொட்டைமாடியில் சாக்கில் மண் நிரப்பிப் பாகலும் புடலும் படர விடுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாரிடமும் ஒரே முறைப்பாடுதான்: காய் நிறையப் பிடிக்கிறது, பழுக்கும் நேரம் உள்ளே புழு. பழ ஈ என்று எல்லாருக்கும் தெரியும். எந்தப் பழ ஈ, எந்த மாதத்தில் கூடுகிறது, நூறு காயில் எத்தனையைக் கெடுக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அது தெரியாமல் மருந்தடிப்பதும் கண்ட பொறியை வாங்கித் தொங்க விடுவதும் வீண் செலவு. நான் இரண்டு மூன்று பருவமாக வீட்டில் செய்து பார்த்த முறையை எழுதுகிறேன். பெரிய உபகரணம் ஒன்றும் வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். சமையலறையில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் சிவப்புக் கண் உள்ள சின்னஞ்சிறு ஈக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ட்ரோசோபிலா, ஏற்கெனவே பழுத்து அழுகத் தொடங்கியதில்தான் முட்டையிடும். நாம் தேடுவது டெஃப்ரிட்டிடே குடும்பத்து ஈ. கிட்டத்தட்ட வீட்டு ஈயின் அளவு, ஆனால் பார்வைக்குக் குளவி மாதிரி: இடுப்பு ஒடுங்கி, மஞ்சள் கோடுகளோடு, கண்ணாடி போன்ற இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு இலையின் கீழ்ப்புறத்தில் நிற்கும். பெண் ஈயின் பின்பக்கத்தில் ஊசி மாதிரி ஒரு நீட்சி இருக்கும், அதைத்தான் நல்ல காயின் தோலுக்குள் ஏற்றி முட்டை வைக்கும்.

இலங்கையில் நம் பயிர்களுக்கு முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியவை ஒரு கை விரலுக்குச் சற்று மேல். மா, கொய்யா, பப்பாசி, ஜம்பு, காமரங்கா என்று எதையும் விடாதது பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ். முதுகு கறுப்பு, இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, முதுகின் கடைசியில் மஞ்சள் முக்கோணம், வயிற்றில் ஆங்கில T எழுத்துப் போலக் கறுப்புக் குறி. அதனோடு ஒட்டிப் பிறந்தது போல இருக்கும் பாக்ட்ரோசெரா கண்டியென்சிஸ், நம் கண்டியின் பெயரையே வைத்து 1994இல் விவரிக்கப்பட்டது. இந்த இரண்டையும் வெறும் கண்ணால் பிரிக்க முயன்று நேரத்தைக் கழிக்க வேண்டாம், 'டோர்சாலிஸ் கூட்டம்' என்று எழுதி விட்டு மாதிரியைப் பத்திரப்படுத்துங்கள். கொய்யாவில் வரும் இன்னொன்று பாக்ட்ரோசெரா கரெக்டா. இதன் இறக்கையின் முன் ஓரத்துக் கறுப்புக் கோடு இடையில் அறுந்து, நுனியில் தனிப் புள்ளியாக நிற்கும். பாக்ட்ரோசெரா சொனாட்டாவுக்கும் அதே மாதிரி நுனிப் புள்ளிதான், ஆனால் உடம்பு செம்பழுப்பு.

பாகல், புடல், பீர்க்கு, வெள்ளரி, பூசணி என்றால் ஆள் வேறு: சியூகோடாகஸ் குகுர்பிட்டே. உடம்பு செம்பழுப்பு, முதுகில் இரண்டுக்குப் பதிலாக மூன்று மஞ்சள் கோடு, இறக்கையில் குறுக்கே ஒரு பழுப்புப் பட்டை. அதன் உறவு சியூகோடாகஸ் டாவ், இதற்கும் மூன்று கோடு உண்டு, குறுக்குப் பட்டை மட்டும் இல்லை. டாகஸ் சிலியாட்டஸ் என்று ஒன்றும் இதே கொடிகளில் வரும். மிளகாயிலும் கத்தரியிலும் புழு வைப்பது பாக்ட்ரோசெரா லட்டிஃப்ரோன்ஸ்.

பழைய புத்தகங்களை வைத்துப் படிப்பவர்களுக்கு ஒன்று. கென்யாவில் 2003இல் ஒரு புதிய ஈ அகப்பட்டு மாமரங்களை நாசம் செய்தபோது, அது இலங்கையிலும் இருக்கும் ஈதான் என்று கண்டு 2005இல் இன்வாடென்ஸ் என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். பிறகு 2015இல், இல்லை, இதுவும் டோர்சாலிஸ்தான் என்று ஒன்றாக்கி விட்டார்கள். சியூகோடாகஸ் தனிப் பேரினமாக எழுந்ததும் அதே ஆண்டில்தான், அதற்கு முன் அது பாக்ட்ரோசெராவுக்குள் இருந்தது. ஆகவே இன்வாடென்ஸ், பாக்ட்ரோசெரா குகுர்பிட்டே என்று எங்காவது கண்டால் புதிய ஈ ஏதோ வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள்.

பொறி

சரி, வேலைக்கு வருவோம். பொறிக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். மேல் பாதியில் எதிரெதிராக நான்கு துளை, விரல் நுனி நுழையும் அளவு, சூடாக்கிய கம்பியால் போடலாம். மூடியில் ஒரு சிறு துளையிட்டுக் கம்பியைக் கோத்து, உள்ளே தொங்கும் முனையில் பஞ்சுத் திரியைக் கட்டுங்கள். திரியில் ஈர்ப்பு மருந்து ஒரு மில்லிலீற்றர் அளவு. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர். கடையில் ஆயத்தப் பொறியும் கிடைக்கும், விவசாய மருந்துக் கடையில் 'பழ ஈப் பொறி' என்று கேட்டு விளங்காவிட்டால் சிங்களத்தில் 'பலத்துரு மெஸ்ஸா' என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள்.

ஈர்ப்பு மருந்து இரண்டு வகை, இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். டோர்சாலிஸ், கண்டியென்சிஸ், கரெக்டா, சொனாட்டா நான்கும் மெத்தில் யூஜினோலுக்கு வரும். குகுர்பிட்டேயும் டாவும் கியூலூர் என்பதற்குத்தான் வரும். பாகல் பந்தலில் மெத்தில் யூஜினோல் பொறியை மாட்டி விட்டு, "பொறி நிறைய ஈ விழுகிறது, பாகற்காயில் புழு குறையவே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. விழுந்ததெல்லாம் பக்கத்து வீட்டு மாமரத்து ஈ. இரண்டையும் ஒரே போத்தலில் கலக்கவும் கூடாது. ஒன்றைத் தொட்ட கையால் மற்றதைத் தொடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு கையுறை வேண்டும். மெத்தில் யூஜினோலை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023இல் சேர்த்திருக்கிறது, அதனால் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம், பிள்ளைகளின் கைக்கு எட்டவும் வைக்காதீர்கள்.

துளசிக் கன்றின் மேல் இந்த ஈக்கள் வந்து மொய்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? துளசி இலையில் மெத்தில் யூஜினோல் இருக்கிறது, அதைத் தேடித்தான் வருகின்றன. பீகாரில் உள்ள பூசாவில் வேலை செய்த ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் சித்தனெல்லா எண்ணெய்க்கு இந்த ஈக்கள் வருவதை 1912இல் எழுதினார், பிறகுதான் அதற்குள் எந்தப் பொருள் இழுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வருவது எல்லாம் ஆண் ஈ. அதைத் தின்று உடம்பில் மாற்றிப் பெண்ணை அழைக்கும் வாசனையாக்கிக்கொள்ளும்.

ஆண் ஈ மட்டும் என்பதை நன்றாக மனதில் வையுங்கள். காயைக் குத்துவது பெண். பொறியில் விழுவது ஆண். பொறியில் ஐந்நூறு ஈ விழுந்தால் அயலில் அந்த இனம் நிறைய இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம், உங்கள் மரத்துக் காயை அதுதான் கெடுத்தது என்று சொல்ல முடியாது. மறுபக்கம், டாகஸ் சிலியாட்டஸ் இந்த இரண்டு மருந்துக்கும் வராது, மிளகாய் ஈயும் அப்படித்தான், எனவே பொறி வெறுமையாக இருந்தாலும் ஈ இல்லை என்று ஆகிவிடாது. பொறியோடு நிறுத்திக்கொண்ட எந்தக் கணக்கெடுப்பையும் நான் நம்புவதில்லை. பழத்தையும் பார்த்தே ஆக வேண்டும், அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

பொறியை நிழலில், ஒன்றரை மீற்றர் உயரத்தில், மரத்தின் உட்பக்கக் கிளையில் தொங்க விடுங்கள், இலை போத்தலில் முட்டக் கூடாது. தொங்கும் கம்பியில் கிறீஸ் பூசுங்கள். இல்லாவிட்டால் எறும்பு இரவோடிரவாக எல்லா ஈயையும் அறுத்துக் கொண்டு போய்விடும், காலையில் இறக்கை மட்டும் மிதக்கும். ஒரே வகைப் பொறி இரண்டுக்கு இடையில் 50 மீற்றராவது வேண்டும், கொழும்பு வளவில் அதற்கு இடம் ஏது, ஆகவே உங்கள் வீட்டில் ஒன்று, ஒழுங்கையின் மற்ற முனையில் தெரிந்தவர் வீட்டில் ஒன்று என்று பேசி வையுங்கள். திரி மருந்தை நாலு தொடக்கம் ஆறு கிழமைக்கு ஒரு தடவை புதுப்பித்தால் போதும், ஆனால் தண்ணீரை ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில் மாற்றியே ஆக வேண்டும். டெங்குக் காலத்தில் தேங்கிய தண்ணீர்ப் போத்தலைக் கண்டால் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எழுதிவிட்டுத்தான் போவார், அதுவும் நியாயம்தான். கிழமைக்கு ஒரு முறை சவர்க்காரத் தண்ணீரை முழுவதும் கொட்டி மாற்றினால் நுளம்பு பெருக நேரமில்லை. மே மாதத்தில் தென்மேல் மழை தொடங்கினால் துளை வழியாகத் தண்ணீர் ஏறி வழியும், அப்போது போத்தலுக்கு மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டைக் கூரையாகக் கட்டுங்கள்.

கிழமை முடிவில் தண்ணீரைத் தேயிலை வடியில் ஊற்றி, ஈக்களை வெள்ளைப் பீங்கானில் பரப்பி, மேலே சொன்ன அடையாளத்தை வைத்து இனவாரியாக எண்ணுங்கள். கைபேசிக் கமெராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே முதுகுக் கோடும் இறக்கைப் பட்டையும் தெரியும். கணக்கு இலகு: விழுந்த மொத்த ஈயைப் பொறிகளின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுக்க வேண்டும். 3 பொறி, 7 நாள், 84 ஈ என்றால் ஒரு பொறிக்கு ஒரு நாளுக்கு 4 ஈ. உலகம் முழுவதும் இந்த அளவைத்தான் பாவிக்கிறார்கள், உங்கள் எண்ணை யாருடைய எண்ணோடும் ஒப்பிடலாம். ஒரு பொறி விழுந்து உடைந்திருந்தால் அதை அந்தக் கிழமைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பூச்சியம் என்று எழுதினால் பெரிய பிழையாகும்.

பழத்தை வைத்து ஈ வளர்ப்பது

இதுதான் உண்மையான வேலை, எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

மரத்தில் தொங்கும் காயிலும் கீழே விழுந்ததிலும் இரண்டு பங்காகப் பொறுக்குங்கள். விழுந்ததை மட்டும் எடுத்தால் சேதம் உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும், பறித்ததை மட்டும் எடுத்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டு, பெயர், திகதி, இடம், எண்ணிக்கை, எடை ஐந்தையும் பென்சிலால் எழுதிக் கடுதாசியை உள்ளேயே வைத்துவிடுங்கள், பேனா மை கரையும். எடை முக்கியம். கடைசியில் ஒரு கிலோ பழத்துக்கு எத்தனை கூட்டுப்புழு என்று சொல்ல அது வேண்டும்.

பாத்திரத்துக்குத் தயிர்ச் சட்டியை விட நல்லது எதுவும் எனக்கு அகப்படவில்லை. மண் சட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் டப்பாவில் பழம் கசிந்து புழுவெல்லாம் நீரில் செத்துவிடும். மணலைத் தாச்சியில் வறுத்து ஆற விடுங்கள், இல்லாவிட்டால் மணலோடு வந்த வேறு பூச்சியை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். சட்டியில் மூன்று விரல் உயரம் மணல், அதன் மேல் ஈர்க்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அதன் மேல் பழம். வாயைப் பழைய பருத்தித் துணியால் மூடி இறப்பர் பட்டி போடுங்கள். இறுக்கமாகப் போடுங்கள், ஏனென்றால் முதிர்ந்த புழு துள்ளும்.

அதை நேரில் காட்டினால்தான் சனம் நம்பும். பக்கத்து வீட்டு அன்ரி ஒருமுறை தன் கொய்யாவைக் கொண்டு வந்து, "இது பூச்சி குத்தினதில்லை பிள்ளை, வெயில் பட்ட தழும்பு" என்றார். தோலில் குண்டூசி முனை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றி மெல்லிய மங்கல் வட்டம். அழுத்தினால் அந்த இடம் மட்டும் மெத்தென்று உள்ளே போனது. கத்தியை அந்தப் புள்ளியின் குறுக்கே வைத்து வெட்டினோம். தோலுக்குக் கீழே ஒரு பழுப்பு வாய்க்கால், அது விதைப் பக்கம் போய் விரிந்து, அங்கே ஏழெட்டு வெள்ளைப் புழு தலையை உள்ளே குத்திக்கொண்டு கிடந்தன. ஒன்று மேசையில் விழுந்தது. வாலையும் தலையையும் சேர்த்து வளையமாகச் சுருண்டு, டக்கென்று விடுபட்டு ஒரு சாண் தூரம் பாய்ந்தது. அன்ரி கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டார். அன்று முதல் அவர் விழுந்த கொய்யாவை எறியாமல் எனக்குப் பையில் சேர்த்து வைக்கிறார்.

கொழும்புச் சூட்டில் முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும், புழு ஒரு கிழமைக்குள்ளோ சற்றுக் கூடவோ வளர்ந்து பழத்தை விட்டு மணலுக்குள் இறங்கும். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை மணலைச் சலியுங்கள். சிவப்பரிசி மணி போல, பழுப்பாக, இரண்டு பக்கமும் மழுங்கிய கூட்டுப்புழு சல்லடையில் நிற்கும். எண்ணி, சிறிது ஈர மணலோடு வேறு போத்தலில் போட்டுத் துணியால் மூடுங்கள். பத்து நாள் வாக்கில் ஈ வெளியே வரும். வந்தவுடன் கொல்லாதீர்கள், அப்போது அது வெளிறி இருக்கும், இனம் தெரியாது. ஒரு மூடியில் சீனி, ஈரப் பஞ்சில் தண்ணீர் வைத்து நாலு நாள் உயிரோடு விட்டால் மஞ்சளும் கறுப்பும் தெளிவாகப் பதியும். பிறகு போத்தலைப் பிறீசரில் வைத்துவிடலாம்.

2 கிலோ கொய்யாவிலிருந்து 46 கூட்டுப்புழு வந்தால் கிலோவுக்கு 23. அதிலிருந்து என்ன இனம், எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எழுதுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது பொறி சொன்ன ஊகத்தை விட மேலானது: இந்தப் பழத்தில், இந்தத் திகதியில், இந்த ஈ.

சில போத்தலில் ஈக்குப் பதிலாக மெல்லிய உடலும் நீண்ட உணர்கொம்பும் உள்ள சிறு குளவி வரும். அதைக் கண்டால் சந்தோஷப்படுங்கள். ஈயின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை வைத்து உள்ளிருந்தே தின்று வருவது அது, நமக்கு உதவியாள். குளவியை எண்ணி, குளவியும் ஈயும் சேர்ந்த தொகையால் வகுத்தால் இயற்கை எத்தனை பங்கைத் தானாகவே குறைக்கிறது என்று தெரியும். கண்டபடி மருந்தடிக்கும் வளவில் முதலில் சாவது இந்தக் குளவிதான், எனக்கு அதுதான் பெரிய கவலை.

அழுகிய பழத்தை வைத்தால் ட்ரோசோபிலாவும் வெளியே வரும். அவற்றைச் சேதக் கணக்கில் போடாதீர்கள், பின்னால் வந்த விருந்தாளிகள்.

சேதத்தை எப்படி அளப்பது

மரத்தின் நான்கு திசையிலும் ஒவ்வொரு கிளைக்கு வர்ண நூல் கட்டுங்கள். அந்தக் கிளைகளில் உள்ள காய்களை மட்டும் கிழமைக்கு ஒருமுறை எண்ணினால் போதும்: எத்தனை தொங்குகிறது, எத்தனையில் குத்துப் புள்ளி, எத்தனை விழுந்தது. விழுந்ததை எல்லாம் வெட்டிப் பாருங்கள். மாங்காயில் கறுப்புத் திட்டு இருந்து துளையும் புழுவும் இல்லாவிட்டால் அது பூஞ்சண நோய். கொட்டைக்குள்ளே புழுவோ வண்டோ இருந்தால் மாங்கொட்டை வண்டு. அணிலும் கிளியும் வௌவாலும் கடித்ததில் பல்லோ அலகோ பட்ட அடையாளம் இருக்கும், ஆனால் கடித்த இடத்திலும் ஈ வந்து முட்டை வைக்கும், அதனால் அந்தக் காய்களுக்குத் தனி நிரல் போடுங்கள். கொடிக் காய்களில் வேறு விதம், பிஞ்சிலேயே குத்துவதால் பாகல் ஒரு பக்கம் வளைந்து மஞ்சளாகி உதிரும், பீர்க்கில் பிசின் துளியாக நிற்கும். அதைப் பிஞ்சு உதிர்வு என்று நினைத்து உரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உதிர்ந்த பிஞ்சையும் பிளந்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்ததா, எந்த மரம் காய்த்தது, அயலில் எது பழுத்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நம் மரத்தில் காய் இல்லாத மாதத்தில் ஈ எங்கே போகிறது என்று தேடினால் கொழும்பில் விடை பெரும்பாலும் தெருவோரத்தில்தான் இருக்கும்: சிங்களத்தில் கொட்டம்பா என்னும் நாட்டு வாதுமை மரம். கடற்கரைப் பக்கம் அது நிறைய. அதன் பழத்திலும் டோர்சாலிஸ் பெருகும். பத்துப் பழம் பொறுக்கித் தயிர்ச் சட்டியில் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

இதெல்லாம் வீட்டு மரத்துக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2019 செப்டம்பரிலிருந்து மாம்பழத்துக்குப் பழ ஈ இல்லை என்று உறுதிப்படுத்தும் தனி நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஏற்றுமதிப் பெட்டியில் ஒரு புழு இருந்தாலும் அந்தப் பொதி திரும்பும் அல்லது அழியும், உழைத்தவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஈக்கு வளவு மதில் தெரியாது.

எண்ணி முடிந்த பழங்களைக் குப்பைக் குழியில் போடாதீர்கள், புழு மண்ணுக்குள் இறங்கிவிடும். கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை முழு வெயிலில் வைத்தால் உள்ளேயே வெந்து சாகும். நல்ல காயைக் காப்பாற்றக் கடுதாசிப் பை கட்டுங்கள், பாகலுக்குப் பூ வாடி இரண்டு மூன்று நாளிலேயே கட்ட வேண்டும், பிந்தினால் உள்ளே முட்டையோடுதான் கட்டுவீர்கள்.

இனம் பிடிபடாத ஈக்களை மருந்துக் கடைச் சிறு போத்தலில் 70 வீத அற்ககோலில் போடுங்கள். மஞ்சள் நிறம் அற்ககோலில் மங்கும் என்பதால் போடுவதற்கு முன் முதுகு, இறக்கை, வயிறு மூன்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று ஈயைக் காயவைத்துத் தனியாகவும் வையுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து, பழ ஈ மாதிரியைப் பரிசோதிக்க எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். கொடுக்கும்போது கொப்பியின் அந்தப் பக்கத்தையும் படியெடுத்துச் சேர்த்துக் கொடுங்கள், எந்தப் பழத்தில் எப்போது கிடைத்தது என்று தெரியாத ஈயை வைத்து அவர்களாலும் அதிகம் சொல்ல முடியாது.